ஒரு மணி அடித்தால் நிறுத்து: குமரியில் ஐந்து நாள்

ஆகஸ்ட் 28, 2024, புதன்: நாகர்கோவில்

திருச்சியில் ரயில் ஏறும்போது வியர்வையில் முதுகோடு ஒட்டிய சட்டை, நாகர்கோவிலில் இறங்கியபோது தூறலில் ஒட்டியது. மேற்கே மலை இருக்கிறது என்று சொன்னார்கள், மேகம்தான் இருந்தது. "ஞாபகமாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வீட்டில் மூன்று முறை சொல்லப்பட்ட குடை வாசல் ஆணியிலேயே தொங்குகிறது என்பது ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வடசேரிக்கு 120 ரூபாய். நான் பேரம் பேச வாயெடுப்பதற்குள் ஓட்டுநரே, "மழைக்கு 20 சேர்த்திருக்கிறேன், மழை விட்டால் 100தான்" என்றார். மழை விடவில்லை.

லாட்ஜின் வரவேற்பு மேசைக்கு மேல் 'இருபத்து நான்கு மணி நேரமும் சுடுநீர்' என்று எழுதியிருந்தது. குழாயைத் திறந்தால் மலைச் சுனை. கேட்டதற்குப் பையன், "வெயில் அடித்தால்தான் சார் சோலார் வேலை செய்யும்" என்று எனக்குப் பாடம் எடுத்துவிட்டு, கால் மணி நேரத்தில் வாளி நிறைய வெந்நீர் கொண்டுவந்து வைத்தான். காசு நீட்டியபோது வாங்கவில்லை. இரண்டாம் முறை நீட்டியபோது வாங்கிக்கொண்டான்.

காலையில் புட்டு, பயறு, பப்படம், பழம். நான்கையும் தனித்தனியாகச் சாப்பிடப் போனவனைப் பரிமாறுகிறவர் தடுத்து, பழத்தை உரித்துப் புட்டின் மேல் போட்டு, பப்படத்தை நொறுக்கி, "இனி பிசையுங்கள்" என்றார். ஐம்பத்திரண்டு வயதில் எனக்குச் சாப்பிடக் கற்றுக்கொடுத்த மனிதர். 60 ரூபாய்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய நண்பரின் மகளுக்குத் தக்கலைப் பக்கம் கல்யாணம். நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக நகைக் கடன் மேசையில் உட்கார்ந்திருப்பவன். உரைகல், தராசு, பூதக்கண்ணாடி, அழுக்கேறிய சங்கிலிகள், வாங்க வரும்போது நிமிராத தலைகள்: இவைதான் என் உலகம். எனவே கல்யாண வீடுகளில் எனக்கு ஒரு சங்கடம் எப்போதும் உண்டு. அன்று மாலையும் அது தப்பாமல் வந்தது.

உள்ளறைக் கட்டிலில் பட்டுத்துணி விரித்து நகைகளை அடுக்கியிருந்தார்கள். நெக்லஸ், ஆரம், காசுமாலை, வளையல்கள். நூற்றொரு பவுன் என்று மெல்லிய குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு பெரியம்மா சொன்னார். நண்பர் என் தோளைத் தொட்டு, "நீ ஒரு பார்வை பார்த்துச் சொல்" என்றார். என்ன சொல்ல? பவுன் 53,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. ஜூலை பட்ஜெட்டில் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்தபோது மளமளவென்று இறங்கியது, ஒரே மாதத்தில் மீண்டும் ஏற ஆரம்பித்திருந்தது. என் கண்ணுக்கு அந்தக் கட்டிலில் இருந்தது நகையாகத் தெரியவில்லை. இன்னும் ஐந்தாறு வருடங்களில் ஏதோ ஒரு ஊரில், என்னைப் போன்ற ஒருவனின் தராசில் ஒவ்வொன்றாக ஏறப்போகிற பொருள்களாகத் தெரிந்தது. "அருமையான வேலைப்பாடு" என்று சொல்லிவிட்டு முந்திரிக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்துவிட்டேன். முந்திரிக்கொத்தில் முந்திரி கிடையாது என்று தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். வறுத்த பயறும் வெல்லமும்.

ஆகஸ்ட் 29, வியாழன்: தக்கலை

தேவாலயத்தில் கல்யாணம். மழை மணமகளுக்காக அரைமணி நேரம் நின்றது. கூட்டத்தில் ஒரு காட்சி. மணப்பெண்ணின் அத்தை பெந்தகொஸ்தே சபைக்காரர். காதில், கழுத்தில், கையில் பொட்டுத் தங்கம் இல்லை. நூற்றொரு பவுன் மருமகள் அந்த வெறுங்கழுத்து அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். இந்த மாவட்டத்தில் ஒரே குடும்பப் புகைப்படத்தில் இரண்டு துருவமும் நிற்கும் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

பந்தி. இலையின் இடது ஓரத்திலிருந்து எண்ணினேன்: நேந்திரங்காய் உப்பேரி, சர்க்கரைவரட்டி, இஞ்சிக்கறி, நார்த்தங்காய், கிச்சடி, பச்சடி, அவியல், எரிசேரி, துவரன். பருப்பும் நெய்யும், சாம்பார், புளிசேரி, ரசம், மோர் என்று சோறு நான்கு ஐந்து முறை வந்தது. கடைசியில் அடைப் பாயசத்தை இலையிலேயே ஊற்றினார்கள். அது ஓடுமே என்று நான் இலையின் மடிப்பைப் பிடித்துத் திண்டாட, என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர் சாவகாசமாக ஒரு மட்டிப்பழத்தைப் பிசைந்து பாயசத்துக்கு அணை கட்டிக் காட்டினார்.

எழுபதைத் தாண்டியவர். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை. பேச்சு குமரிப் பேச்சு இல்லை. வட ஆற்காட்டு வாடை அடித்தது, நடுவில் கன்னடமும் தலைகாட்டியது.

"தம்பி, நீங்கள்தான் நகைக் கடன் பார்க்கிறவராமே?"

"ஆமாம் ஐயா."

"ஒரு பவுன் எடுக்க எவ்வளவு கல் உடைக்க வேண்டும், தெரியுமா?"

தெரியவில்லை. இருபத்திரண்டு வருடம். தொட்டுப் பார்த்து, உரைத்துப் பார்த்து, மோந்துகூடப் பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்வி என்னிடம் இருந்ததே இல்லை.

அவர் பாயச விரலால் இலையில் கணக்குப் போட்டார். டன்னுக்கு நான்கு கிராம் கிடைக்கிற சுரங்கம் என்று வைத்துக்கொள். எட்டு கிராம் பவுனில் செம்பு, வெள்ளி கழித்தால் ஏழேகால் கிராமுக்குச் சற்று மேல் சுத்தத் தங்கம். ஆக, பவுனுக்கு ஏறக்குறைய இரண்டு டன் கல். மணமகளின் பக்கம் தாடையால் காட்டினார். "அந்தப் பெண் கழுத்தில் நூற்று எண்பது டன்னுக்கு மேல் கல் தொங்குகிறது. பத்து டன் லாரியில் பதினெட்டு நடைக்கு மேல். இதில் வெறும் பாறையை வெட்டி வழி செய்த கணக்கு சேரவில்லை."

கோலார் தங்கவயலில் இருபத்தேழு வருடம் வேலை செய்தவர். என்ன வேலை என்று கேட்டேன். "ஆட்களைக் கீழே இறக்குகிற வேலை" என்றார். வீடு நெய்யூரில். "சனிக்கிழமை வாருங்கள். என் வீட்டம்மா மீன் வைப்பாள்."

ஆகஸ்ட் 30, வெள்ளி: கன்னியாகுமரி

வீணாய்ப் போன நாள். விவேகானந்தர் பாறைக்குப் படகு ஏற வரிசையில் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றேன். எனக்கு முன்னால் நாற்பது பேர் இருக்கும்போது, காற்று பலம், கடல் சரியில்லை, படகு இல்லை என்று ஒலிபெருக்கி அறிவித்தது. வரிசையில் யாரும் சண்டை போடவில்லை. ஒடிசாவிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் அப்படியே தரையில் உட்கார்ந்து பொரிகடலையைப் பிரித்து எனக்கும் ஒரு கை கொடுத்தது. தூரத்தில் இரண்டு பாறைகளுக்கும் நடுவே பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. வள்ளுவர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு நின்றார்.

மூன்று விரலோடு நிற்கும் அவரைப் பார்த்தபடி சுக்குக் காப்பி குடித்தேன். 15 ரூபாய், கருப்பட்டி தாராளம். சங்குக் கடையில் வண்ண வண்ண மணலைச் சிறு பொட்டலங்களில் போட்டு விற்கிறார்கள்: கருப்பு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை. அம்மன் கல்யாணம் நின்றுபோய், சமைக்காத அரிசியும் பருப்பும் மணலாகிப்போன கதையைக் கடைக்காரப் பெண் ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். 20 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். கல்யாணம் நின்றாலும் சீர்வரிசை விற்பனைக்கு வந்துவிடுகிறது.

செருப்பு வார் அறுந்தது. புதிய செருப்பு 250. அது கடித்தது.

ஆகஸ்ட் 31, சனி: நெய்யூர்

திங்கள்நகரில் இறங்க வேண்டும். மழைச்சாரலுக்கு ஜன்னலை மூடிய பஸ், நனைந்த துணி வாசனை, முந்தின இரவின் பழம்பஜ்ஜி. தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது குளச்சல். கண்டக்டர், "பெரியவர் அசந்து தூங்கினார், எழுப்ப மனம் வரவில்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பும் பஸ்ஸில் என்னை ஏற்றி, அந்தக் கண்டக்டரிடம் "திங்கள்நகர் வந்தால் தட்டிவிடு" என்று ஒப்படைத்தார். பெரியவர் என்று சொன்னதை மட்டும் மன்னிக்கவில்லை.

சிறிய ஓட்டு வீடு. முற்றத்தில் இரண்டு தென்னை, ஒரு பலா, மழையில் பாசி பிடித்த திட்டு. வீட்டம்மா வாசலுக்கே வந்து, "வாங்க மக்களே" என்று துண்டைக் கொடுத்தார். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் படித்தவர். வேலை தங்கவயல் ஆஸ்பத்திரியில் கிடைத்தது. மாப்பிள்ளையும் அங்கேயே கிடைத்தார். சுரங்கம் மூடிய பிறகு, பிறந்த ஊருக்கு அவரையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "என் சீதனம் இவர்தான்" என்றார் அம்மா. கழுத்தில் தாலிச் சங்கிலி ஒன்று, அதுவும் நூல் கனம். என் தொழில் புத்தி, எடை போட்டது. ஒன்றேகால் பவுன் இருக்கும்.

அவித்த மரச்சீனிக் கிழங்கு, மேலே தேங்காய் அரைத்து மிளகாய் தூக்கலாக வைத்த மீன்குழம்பு. சாளை. சாப்பிடும்போது சுரங்கம் பேசக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அங்கே ஆண்கள் பேசிப் பேசியே சோறு ஆறிப்போகும் என்றார். எனவே கை கழுவிய பிறகுதான் பெரியவர் தொடங்கினார். நிறுத்தியபோது இருட்டிவிட்டது.

அவர் வைண்டிங் எஞ்சின் ஓட்டுநர். சாஃப்ட் என்னும் செங்குத்துக் குழியின் மேல் ராட்டினம். அதிலிருந்து இரும்புக் கயிறு. கயிற்றின் முனையில் ஆட்கள் நிற்கும் கேஜ். கயிற்றைச் சுற்றும் பெரிய உருளையைத் தனிக் கட்டடத்தில் உட்கார்ந்து இயக்குபவர் இவர். கேஜ் அவர் கண்ணுக்குத் தெரியாது. அது எத்தனையாவது அடியில் இருக்கிறது என்று முன்னால் ஒரு முள் காட்டும். உருளையில் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருப்பார். கீழிருந்து வரும் மணிதான் பேச்சு. கேஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மணி என்றால் நிறுத்து. நிற்கும்போது இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஆட்கள் ஏறப்போகிறார்கள், கல் ஏற்றுவதைப் போல இழுக்காதே. "என்னோடு வேலை நேரத்தில் யாரும் பேசக்கூடாது. மேனேஜர் வந்தாலும் பேசக்கூடாது. இருபத்தேழு வருடம் மணிச் சத்தத்தோடு மட்டும் பேசினேன். அதனால்தான் இப்போது இவ்வளவு பேசுகிறேன்."

மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம், தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம். அத்தனை ஆழத்துக்கும் ஒரே கயிறு விட முடியாதா என்று கேட்டேன். என் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. முற்றத்துக் கிணற்றுக் கயிற்றை எடுத்து வந்து காட்டினார். கயிறு நீளமாக நீளமாக அதன் எடையையும் அதுவே தூக்க வேண்டும். தடித்த கயிறு போட்டால் எடை இன்னும் கூடும். ஓர் அளவுக்குமேல் கேஜைவிடக் கயிறே பெரிய சுமை. எனவே பாதி ஆழத்தில் இறங்கி, பூமிக்குள்ளேயே நடந்து, பாறையைக் குடைந்து வைத்த இன்னொரு சாஃப்டில் ஏறி, மறுபடி இறங்குவார்கள். பூமிக்கு அடியில் பஸ் மாறுவது. நான் காலையில் குளச்சல் வரை போய்த் திரும்பியதைச் சொல்லவில்லை.

அடியில் பாறை சுடும். மேலே குளிர்விக்கும் ஆலை வைத்துக் குளிர்ந்த காற்றை உள்ளே தள்ளுவார்கள். போய்ச் சேரும்போது குளிர்ச்சி பேருக்குத்தான் இருக்கும். இப்போது உலகத்திலேயே ஆழமான தங்கச் சுரங்கம் தென்னாப்பிரிக்காவில், ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். அங்கே இன்னும் வெட்டாத கன்னிப்பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். மேலேயிருந்து ஐஸ் குழம்பைக் குழாயில் இறக்குகிறார்கள். எதற்காக? டன்னுக்குச் சில கிராம்.

"எல்லாவற்றையும்விட ஏர் பிளாஸ்ட்" என்றார். படித்தவர்கள் பாறை வெடிப்பு என்கிறார்கள். தங்கவயலில் அந்தப் பெயர்தான். மேலே மூன்று கிலோமீட்டர் பாறையின் பாரம். நடுவில் தங்க ரேகையை எடுத்துவிட்டால் அந்தப் பாரம் தூண்களில் விழுகிறது. ஒரு நாள் தாங்க மாட்டாமல் பாறை பீரங்கிபோல் வெடிக்கும். மேலே லைன் வீடுகளில் பரணில் இருக்கிற பாத்திரம் உருண்டு விழும். அடுப்பில் இருப்பதை இறக்காமலேயே பெண்கள் சாஃப்டை நோக்கி ஓடுவார்கள்.

"இவர் அப்பா அப்படித்தான் மக்களே" என்றார் அம்மா. பெரியவர் கிணற்றுக் கயிற்றைச் சுற்றி வைக்க எழுந்து போனார். சுற்றி முடிக்க நேரமாயிற்று.

அவர் தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்து ஆழமாகத் தோண்ட ஆரம்பித்த பிறகு, தோண்டிய கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள். வட ஆற்காடு, சித்தூர், சேலம், தர்மபுரி. அதிலும் ஊருக்குள் தண்ணீர் எடுக்க விடப்படாதவர்களின் கைகள். "ஊரில் மேலே இடம் இல்லை, அதனால் கீழே போனோம்" என்று அவர் தாத்தா சொல்வாராம்.

திரும்பி வந்தபோது அம்மா சுக்குக் காப்பி கொடுத்துப் பேச்சை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். "மின்சாரக் கதையைச் சொல்லுங்கள்." 1902இல் காவிரியின் சிவனசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்து, 150 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம் கம்பி இழுத்து முதலில் கொண்டுபோனது தங்கவயலுக்கு. பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு 1905இல்தான் வந்தது. "பெங்களூருக்கு வெளிச்சம் எங்கள் மிச்சம்" என்று பெரியவர் சிரித்தார். இப்போது அந்த ஊர் ஆட்கள் விடிவதற்கு முன்பே மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி அதே பெங்களூருக்குக் கூலிக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

எனக்குப் புதிதாய் இருந்தது இன்னொன்று. 1980 வாக்கில் பம்பாயிலிருந்து சிலர் வந்தார்கள். தங்கம் வேண்டாமாம். இரும்புத் தகடுகளையும் குழாய்களையும் கேஜில் ஏற்றி, இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே இறக்கச் சொன்னார்கள். வாரக்கணக்கில் இறக்கினார். எல்லோரும் மேலே கொண்டுவரத்தானே சுரங்கம், இவர்கள் ஏன் கீழே கொண்டுபோகிறார்கள் என்று ஒருநாள் கேட்டாராம். "எதுவும் நடக்கிறதா என்று இருட்டில் உட்கார்ந்து பார்க்கப் போகிறோம்" என்றாராம் ஒருவர்.

இரவு லாட்ஜுக்குத் திரும்பிக் கைப்பேசியில் தேடினேன். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தினர். அணுக்கருவில் இருக்கும் புரோட்டான் என்றைக்காவது சிதையுமா என்று பார்க்கும் சோதனை அது. அதற்கு முன்பு, 1965இல், அதே சாம்பியன் ரீஃபில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில்தான் ஜப்பானிய, இங்கிலாந்து விஞ்ஞானிகளோடு சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தைக் கண்டிருக்கிறார்கள். விண்ணிலிருந்து பொழியும் மற்றக் கதிர்களை எல்லாம் மேலே இருக்கும் பாறை தடுத்துவிடும். எதையும் துளைத்துப் போகும் நியூட்ரினோ மட்டும் வந்து சேரும். வானத்தைப் பார்க்க அவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கிறார்கள். பாறை வெடிப்பைப் படிக்க 1988இல் அங்கேயே தேசியப் பாறை இயக்கவியல் நிலையம் தொடங்கியிருக்கிறார்கள். இன்றைக்கு மலையைக் குடையும் சுரங்கப்பாதைக்கும் நீர்மின் நிலையத்துக்கும் அந்தப் படிப்பு போகிறது.

பிறகு ஒரு கணக்கைப் பார்த்தேன், தூக்கம் போய்விட்டது. 120 ஆண்டுகளில் தங்கவயல் மொத்தமாகக் கொடுத்த தங்கம் சுமார் 800 டன். இந்தியா இப்போது ஓர் ஆண்டுக்கு இறக்குமதி செய்வது 700, 800 டன். மூன்று தலைமுறை இறங்கி ஏறி, இருமி, ஏர் பிளாஸ்டில் போய், எடுத்ததெல்லாம் நமக்கு ஒரு வருடத்துக் கல்யாணச் செலவு. உள்நாட்டில் இன்றைக்கு எடுப்பது ஆண்டுக்கு இரண்டு டன்கூட இல்லை. அதுவும் பெரும்பாலும் ராய்ச்சூர் பக்கம் ஹட்டியில். 1991இல் செலாவணி இல்லாமல் நாடு திண்டாடியபோது ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை லண்டனுக்கு விமானத்தில் அனுப்பி அடகு வைத்தது. அன்று நாடே என் மேசைக்கு முன்னால் நின்றது. தலை குனிந்துதான்.

செருப்புக் கடித்த இடத்தில் கொப்புளம். தேங்காய் எண்ணெய் தடவினேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு: மணவாளக்குறிச்சி

அம்மா ஆலயத்துக்குப் போயிருக்க, பெரியவர் என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். "பள்ளம் தோண்டாத சுரங்கம் காட்டுகிறேன்." ஆட்டோ 150. மூன்று நாளாக ஒளிந்திருந்த வெயில் ஒரே நாளில் கணக்கைத் தீர்த்தது.

மணவாளக்குறிச்சி மணல் கருப்பு. அழுக்குக் கருப்பு இல்லை, மினுங்குகிற கருப்பு. அலை வந்து திரும்பும் இடத்தில் வரிவரியாய்ப் படிந்திருந்தது. பெரியவர் குனிந்து ஒரு கைப்பிடி அள்ளி, இன்னொரு கையால் தண்ணீர் விட்டு மெல்ல ஆட்டினார். வெள்ளை மணல் ஓடிப்போக, கருப்பு உள்ளங்கையில் தங்கியது. ஆற்றில் பொன் அரிப்பவர்கள் செய்வதும் இதுதான். கனமானது தங்கும். இங்கே கடலே மழைக்காலம் முழுக்க அரித்துத் தருகிறது. கோலாரில் அதே வேலைக்குப் பாறையை உடைத்து, மாவாய் அரைத்து, சயனைடில் கரைத்து எடுக்க வேண்டியிருந்தது. அந்த மிச்ச மாவு மலையாய்க் குவிந்து, ஆடிக்காற்றில் ஊரெல்லாம் பறக்கும் என்று முந்தின நாள் அம்மா சொல்லியிருந்தார். அவர் பார்த்த நோயாளிகளில் பாதிப் பேர் நெஞ்சில் கல் தூசியோடு வந்தவர்கள். தாங்கள் வெட்டிய பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலில் வீட்டுக்குக் கொண்டு வந்தவர்கள்.

நான் பையிலிருந்து 20 ரூபாய் மணல் பொட்டலத்தை எடுத்தேன். பிரித்து, நிறம் நிறமாய்ச் சொன்னார். கருப்பு, இல்மனைட்: இதிலிருந்துதான் சுவருக்கு அடிக்கும் வெள்ளைச் சாயம் வருகிறது. சிவப்பு, கார்னெட். மஞ்சளில் மோனசைட் இருக்கலாம். "கடைக்காரி அம்மனுக்கு வைத்த மஞ்சள் அரிசி என்றாளா? நல்ல கதை."

மோனசைட்டின் கதையும் நல்ல கதைதான். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இந்தக் கரையிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துக் கண்டுபிடித்தார். அப்போது உலகமெல்லாம் வாயு விளக்குகள். அவற்றின் வலைத்திரிக்குத் தோரியம் வேண்டும். மோனசைட்டில் தோரியம் உண்டு. நம் கயிறு எதையோ கட்டப்போய்த் தன்னையே காட்டிக்கொடுத்துவிட்டது. இன்று அதே தோரியத்தை நம்பித்தான் நாட்டின் அணுசக்தித் திட்டத்தின் மூன்றாம் கட்டம் காத்திருக்கிறது. மத்திய அரசின் மணல் ஆலை பக்கத்திலேயே இருக்கிறது. இந்தக் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடக் கூடுதல். அதன் மேலேயே தலைமுறை தலைமுறையாய் வலை உலர்த்துகிறார்கள்.

ஆட்டோக்காரர் அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மேற்கே கிள்ளியூர்ப் பக்கம் புதிதாக மணல் எடுக்கப் போகிறார்களாம், கடலோரத்து ஆட்கள் எதிர்க்கிறார்கள் என்றார். "மணலை அள்ளினால் கடல் வீட்டுக்குள் வரும் சார். அப்புறம் தோரியத்தை வைத்து என்ன செய்ய?" பெரியவர் சிறிது நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, "எடுத்தால்தான் கூலி, எடுத்தால்தான் நோவு. எங்கள் ஊரில் இரண்டையும் பார்த்தோம். 2001 பிப்ரவரி 28 அன்று மூடியபோது இரண்டும் போகும் என்று நினைத்தோம். கூலி மட்டும் போனது" என்றார். மூடிய பிறகு பம்புகளையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது சுரங்கம் முழுக்கத் தண்ணீர். அவர் இருபத்தேழு வருடம் கேஜ் இறக்கிய குழியில் இன்று ஒரு கல்லைப் போட்டால் 'தொளுக்' என்று கேட்கும்.

"நீங்கள் எத்தனை முறை கீழே போயிருக்கிறீர்கள் ஐயா?"

"ஏழெட்டு முறை இருக்கும். என் கயிற்றில் இன்னொருத்தர் கை. எனக்கு அது சரிப்படவில்லை."

அம்மா ஆலயத்திலிருந்து நேராகப் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டார். கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம், காகிதத்தில் பொதிந்த கருப்பட்டி. சிறிய பழம், தேன் மணம். போன வருடம்தான் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. "ரயிலில் வைத்து நசுக்கிவிடாதீர்கள் மக்களே" என்று பையின் மேலாக வைத்தார். நான் காசு கொடுக்கவில்லை, கொடுத்திருந்தால் அடித்திருப்பார். கடிக்கிற செருப்பைப் பார்த்துவிட்டுப் பிளாஸ்திரியும் ஒட்டினார், நிறுத்தத்தில் இருந்த அத்தனை பேருக்கும் முன்னால்.

நாகர்கோவில் பஸ் வந்தது. கூட்டம். படியில் ஏறி உள்ளே நகர்வதற்குள் பஸ் உருள ஆரம்பித்துவிட்டது. பின்னால் ஒரு பெண் மீன் கூடையோடு ஓடி வந்தார். கண்டக்டர் ஒருமுறை விசில் ஊதினார். பஸ் நின்றது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெரியவர் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். கூடை ஏறியது, பெண் ஏறினார். இரண்டு விசில். பெரியவர் இரண்டு விரலையும் நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, மெதுவாக, மிக மெதுவாகக் கீழே இறக்கினார்.